ஆறு மில்லிமீட்டர் குளியலறை

மனைவி பவளத்துக்கு வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டிவிடுவது என்று புனிதன் முடிவு செய்த அதே வாரத்தில்தான், தோட்ட நிர்வாகமும் தன்னை நவீனப்படுத்திக்கொள்வது என்று முடிவு செய்தது. ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் புனிதன் ஒரு வாரம் முந்திக்கொண்டிருப்பார்.

ஆறு வீடுகள் ஒட்டி வரிசையாக நின்ற லயத்தில் கடைசி வீடு அவருடையது. குளிக்கும் இடம் லயத்துக்குப் பின்னால், பதினொரு படி கீழே இருந்தது. கேமரன் மலையில் மழை பெய்யாத நாளிலும் படிகள் ஈரமாகத்தான் இருக்கும். போன வருடம் இலைச் சாக்கை லாரியில் ஏற்றும்போது சரிவில் வழுக்கி விழுந்து பவளத்துக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “படி மட்டும் வேண்டாம்மா. இன்னொரு தடவை விழுந்தா நடக்க முடியாது.”

பவளம் சரி என்றாள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பதினொரு படி இறங்கினாள். வேறு எங்கே போவது? சுடுதண்ணீர் வாளியைப் புனிதன் முதலில் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி மேலே வந்து அவளைத் தோளில் சாய்த்து இறக்குவார். அதற்குள் தண்ணீர் ஆறிவிடும். “சூடு போதுமா?” என்று அவர் கேட்பார். “கொதிக்குது,” என்பாள் அவள், பல் கிட்டிக்க.

தேவைப்பட்டதெல்லாம் பின் தாழ்வாரத்தில் சும்மா கிடந்த ஆறடிக்கு ஐந்தடி இடம், மூன்று சுவர், ஒரு கதவு, ஒரு குழாய். தேயிலை ஆலையில் முப்பத்தொரு வருடமாக ஃபிட்டர் வேலை பார்ப்பவருக்கு இது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. முன்பு இதற்கு அனுமதி வாங்கும் முறையும் எளிது. தோட்ட அலுவலகத்துக் கணக்கர் கிராணியிடம் போய்ச் சொல்ல வேண்டும். கிராணி “ம்” என்பார். அந்த “ம்”தான் அனுமதி.

இந்த முறை கிராணி ஞானசுந்தரம் “ம்” என்று சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார்.

தோட்டத்தை வாங்கிய புதிய நிறுவனம் ‘இல்லவாசி அனுபவ மேம்பாட்டுப் பிரிவு’ என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. லயத்துக்கு இனி ‘பாரம்பரியக் குடியிருப்புத் தொகுதி’ என்று பெயர். பெயரை மாற்றிய கையோடு கூரையையும் மாற்றுவார்களா என்று சிலர் கேட்டார்கள். கூரை அடுத்த கட்டம் என்று பதில் வந்தது. சுற்றறிக்கையின் நான்காம் பத்தி இப்படிச் சொன்னது: ‘எந்த மாற்றத்துக்கும், தகுந்த மென்பொருளின் உதவியுடன் கணினியில் வரையப்பட்ட பொறியியல் வரைபடம், அம்மென்பொருளின் உரிமச் சான்றுடன் சமர்ப்பிக்கப்பட வேண்டும். கையால் வரைந்தவையும் வாயால் சொன்னவையும் ஏற்கப்படமாட்டா.’

புனிதன் கையோடு கொண்டுபோயிருந்த படத்தை மேசைமேல் விரித்தார். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் போட்டது. செங்கல்கூட எண்ணிப் போட்டிருந்தார்.

“படம் நல்லாத்தான் இருக்கு புனிதா,” என்றார் கிராணி. “எம் மகன் எஞ்சினியரு, அவன்கூட இப்படிப் போட மாட்டான். ஆனா கையால போட்டிருக்கியே.”

“கையாலதாங்க ஐயா கட்டப்போறேன்.”

“கட்டறது வேற லா. கட்டறத எப்படி வேணாலும் கட்டிக்க. படம்தான் கம்ப்யூட்டர்ல வரணும்.”

“எந்த சாஃப்ட்வேர்னு சொன்னீங்கன்னா...”

“தகுந்த சாஃப்ட்வேர். எது தகுந்ததுன்னு நானே கேஎல் தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன். ‘சுற்றறிக்கையின் நான்காம் பத்தியைப் பார்க்கவும்’னு பதில் வந்துச்சு. நாலாம் பத்தியில தகுந்ததுன்னு இருக்கு.” கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ரிட்டயராக ரெண்டு வருசம் இருக்கு புனிதா. அதுக்குமேல என்னைக் கேக்காத.”

அந்தச் சனிக்கிழமை புனிதன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனார். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை போடும் இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சீனத் தவுக்கே கணினிக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்களோடு இருபது வருடம் வியாபாரம் செய்ததில் தமிழும் மலாயும் அவருக்கு ஒன்றாகவே வந்தன.

“வீட்டுப் படமா அண்ணே? எல்லா எஞ்சினியரும் வச்சிருக்கறது இருக்கு,” என்று விலையைச் சொன்னார் தவுக்கே. புனிதனின் நாலரை மாதச் சம்பளம்.

“சாமான் எவ்வளவு பெரிசு?”

“சாமான் ஒண்ணும் இல்ல. டவுன்லோடு.”

“நாலரை மாசச் சம்பளத்துக்கு ஒண்ணும் இல்லையா?”

“அதுவும் ஒரு வருசத்துக்குத்தான் அண்ணே. வாடகை. அடுத்த வருசம் மறுபடி கட்டணும்.”

ஒரு குளியலறைக்கு ஆகும் செலவு அதன் படத்துக்கு ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்கு என்பதைப் புனிதன் அங்கே நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்தார். தவுக்கே அடுத்ததைக் காட்டினார். முப்பது நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்ப்பது. ஆனால் அனுமதிக் குழு கூடுவது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கூடும் நாளில் உரிமம் உயிரோடு இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையின் ஐந்தாம் பத்தி சொல்லியிருந்தது. மாணவர்களுக்கான பதிப்பு இலவசம்தான். அதற்குக் கல்லூரி அடையாள அட்டை வேண்டும். கைப்பேசியில் வரையும் செயலி ஒன்றைத் தவுக்கே இறக்கிக் கொடுத்தார். அது புனிதனைக் கேட்காமலே ஆறடிக்கு ஐந்தடி அறையில் ஒரு குளியல் தொட்டியையும், மூலையில் ஒரு பனைச் செடியையும், நடுவில் சோபாவையும் வைத்தது. சோபாவை எடுக்க மாதம் பத்தொன்பது வெள்ளி கட்டணம் கேட்டது.

தவுக்கே கடைசியில் குரலைத் தாழ்த்தினார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பென் டிரைவ் வந்தது. “பதினஞ்சு வெள்ளி. முதல்ல சொன்ன அதே சாமான். எல்லாரும் இதுதான் லா போடறாங்க. உங்க தோட்டத்துப் பெரிய ஆபீசுக்கே நான்தான் குடுத்தேன்.”

“உரிமச் சான்று?”

“அது வேணுமா?” தவுக்கே உண்மையிலேயே வருந்தினார். “இருவது வருசத்துல அத யாரும் கேட்டதில்ல அண்ணே.”

புனிதன் வாசல்வரை போய்விட்டார். தவுக்கே என்ன நினைத்தாரோ, கூப்பிட்டார். “ஒண்ணு இருக்கு. சும்மா குடுக்கறாங்க. கம்பெனி கிடையாது, ஆளுங்க சேந்து எழுதறாங்க. உரிமமும் அதுலயே இருக்கு. சொன்னா எனக்கு லாபம் இல்ல, அதான் சொல்லல.” பழைய பில்லின் பின்னால் பெயரை எழுதிக் கொடுத்தார்.

மகள் ஈப்போவில் வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தது. புனிதனின் விரல்கள் முப்பத்தொரு வருடம் ஸ்பேனர் பிடித்தவை. மவுசை அவர் ஒரு முறை நகர்த்தினால் கோடு லயத்தைத் தாண்டி பக்கத்து ஊர் தானா ராத்தா வரை போயிற்று. மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்த பவளம், “நகருங்க,” என்றாள்.

“உனக்கு இது தெரியாது புள்ள.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்.”

இருபத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள் அவளுடையவை. எங்கே கிள்ள வேண்டும் என்று கண் சொல்லுமுன் விரல் போய்விடும். ஒரே வாரத்தில் கோடு நேராக வந்தது. இரண்டாம் வாரம் சுவர் வந்தது. ஆலை விட்டு வந்ததும் மாலை வெளிச்சத்தில் புனிதன் நாடாவைப் பிடித்து அளந்து சொல்வார், அவள் வரைவாள்.

“வீடு இருபதுக்குப் பன்னண்டு.”

“இருபது, பன்னண்டு.”

“பாத்ரூம் ஆறுக்கு அஞ்சு. கதவு ரெண்டரை.”

“கதவு எந்தப் பக்கம் தொறக்குது?”

“வெளிப்பக்கம். நீ உள்ள விழுந்தா நான் தொறக்கணுமில்ல.”

 அவள் திரையில் கதவை வெளிப்பக்கம் திருப்பினாள். கைப்பிடிக் கம்பி எங்கே வேண்டும் என்று அவர் கேட்டபோது, எழுந்து சுவரோரம் நின்று, கையை நீட்டிக் காட்டினாள். அவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டிய முதல் வீடு, அந்தத் திரைக்குள் இருந்தது.

படம் முடிந்தது. புனிதன் அதைப் பென் டிரைவில் போட்டு, உரிமத்தை அச்சடித்துக்கொண்டு கிராணியிடம் போனார். விண்ணப்பப் படிவத்தில் ‘அலகு’ என்ற கட்டத்தில் ‘மி.மீ.’ என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது.

“இது என்னாங்க ஐயா?”

“அது அச்சுல வந்தது. அச்சுல வந்தத நாம தொடக் கூடாது,” என்றார் கிராணி. “ரசீது எங்க?”

“சும்மா குடுக்கறதுக்கு ஏதுங்க ரசீது?”

“சும்மான்னு நீ சொல்ற. திருடலன்னு யாரு சொல்றது? ரசீது இருந்தாதான் வாங்கினது. இல்லன்னா எடுத்தது.”

புனிதன் மறுபடி பிரிஞ்சாங் போனார். பூஜ்யம் வெள்ளிக்கு ரசீது அடிக்கத் தவுக்கேயின் இயந்திரம் மறுத்தது. ஐந்து காசுக்குக் கீழே அதற்கு எண் தெரியாது. புனிதன் ஐந்து காசு கொடுத்தார். ‘மென்பொருள் 1, விலை 0.05’ என்று ரசீது வந்தது. விண்ணப்பத்தில் இலவசம் என்றும் ரசீதில் ஐந்து காசு என்றும் இருப்பதால், விண்ணப்பதாரர் உண்மையை மறைக்கிறாரா என்று பிரிவு கேட்டு எழுதியது. புனிதன் ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கக் கடிதம் கொடுத்தார். இதற்குள் ஒரு குழுக் கூட்டம் கடந்து போயிருந்தது. பவளம் இன்னும் மூன்று மாதம் படி இறங்கினாள்.

அடுத்த கூட்டம் பழைய துரை பங்களாவில் நடந்தது. ஏழு பேர் குழு. ஐந்து பேர் நேரில் இருந்தார்கள், இரண்டு பேர் கோலாலம்பூரிலிருந்து சுவர்த் திரையில் தெரிந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் கண்ணை மூடிய நிலையில் உறைந்திருந்தார். இணையம் நின்றுவிட்டதா, அவர் தூங்கிவிட்டாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. இரண்டு தடவை அவருடைய ஒப்புதல் பதிவு செய்யப்பட்டது.

பிரிவின் தலைவர் மார்க் எழுந்து நின்று கைகொடுத்தார். தன் தாத்தாவும் ஏதோ ஒரு தோட்டத்தில் இருந்தவர்தான் என்றும், எந்தத் தோட்டம் என்று வீட்டில் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

“என்னைத் துரைன்னு கூப்பிடாதீங்க அங்கிள். நாம எல்லாம் ஒரு குடும்பம். மார்க்னு கூப்பிடுங்க.”

“சரிங்க துரை,” என்றார் புனிதன்.

மார்க் பேசத் தொடங்கினார். “எங்களுக்கு நீங்க தொழிலாளி இல்ல, இல்லவாசி. உங்க தேவைய நாங்க ரொம்ப ஆழமா மதிக்கறோம். அதனாலதான் உடனே குடுக்கறதில்ல. ஈசியா கிடைச்சா அதுக்கு மரியாதை இருக்காது. இந்த பங்களாவில ஒன்பது பாத்ரூம் இருக்கு. அந்தக் காலத்து துரைமாருங்க ஒண்ணுக்கும் அனுமதி வாங்கல, படமும் போடல. இஷ்டத்துக்குக் கட்டிட்டாங்க. அந்தத் தப்ப நாம மறுபடி செய்யக் கூடாதுன்னுதான் இந்தக் குழு. ஒன்பதுல எதையும் இடிக்கப்போறதில்ல, அது பாரம்பரியம். ஆனா பத்தாவதுல இருந்து ஒழுங்கா இருக்கணும். உங்களோடது பத்தாவது. நீங்க பெருமைப்படணும் அங்கிள்.”

குழுவினர் தலையாட்டினார்கள். புனிதன் பென் டிரைவை மேசைமேல் வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை.

“அதத் தொறக்க எங்ககிட்ட சாஃப்ட்வேர் இல்ல,” என்றார் மார்க். “அது ரொம்ப விலை. வாங்கறதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம், அந்தக் குழு இன்னும் கூடல.”

“இது சும்மா கிடைக்குதுங்க. நானே போட்டுத் தரேன்.”

“நிறுவனம் சும்மா கிடைக்கறதையெல்லாம் வாங்கறதில்ல. ஏதாவது ஆச்சுன்னா யாரைக் குத்தம் சொல்றது? விக்கறவன் ஒருத்தன் இருக்கணும் அங்கிள். குத்தம் சொல்ல ஆள் இல்லாத சாமான வச்சுக்கிட்டு ஒரு நிர்வாகம் எப்படி நிம்மதியா இருக்க முடியும்?” அவர் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். “இப்போதைக்குக் குழு பாக்கறதுக்கு, சும்மா ஒரு தாள்ல... கையால வரைஞ்சது ஏதாவது இருக்கா?”

புனிதன் சட்டைப் பையிலிருந்து நாட்காட்டித் தாளை எடுத்தார். அது மேசையைச் சுற்றி வந்தது. எவ்வளவு தெளிவு என்று ஒருவர் வியந்தார். இதை வைத்தே கட்டிவிடலாமே என்றார் இன்னொருவர். விதிப்படி அதை ஏற்க முடியாது என்று குறித்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பென் டிரைவுக்கு அனுமதி வழங்கினார்கள். பென் டிரைவில் முத்திரை விழ இடமில்லாததால், அது வந்த உறைமேல் குத்தினார்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் சுவர் எழும்பியது. கருப்பையா சிமெண்டு குழைத்துக் கொடுத்தார். அவர் தோட்டத்துக் காவல்கார ஜாகா, அதே லயத்தில் மூன்றாம் வீடு. கைப்பிடிக் கம்பி பென்சில் புள்ளி வைத்த இடத்தில் பொருந்தியது. குழாயில் தண்ணீர் வந்த அன்று பவளம் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். “காயட்டும்,” என்றார் புனிதன். “நாளைக்கு மறுநா குளி.”

மறுநாள் பிரிவின் ஆய்வாளர் தினேஸ்வரன் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். காலணியை வாசலில் கழற்றி வைத்து, வணக்கம் சொல்லி, பவளம் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, பையிலிருந்து அளவு நாடாவையும் ஒரு காகிதத்தையும் எடுத்தார். சுவரை அளந்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

“அங்கிள், நீங்க அனுமதிய மீறிட்டீங்க.”

“எவ்வளவு?”

“ஆயிரத்து எண்ணூத்து இருபத்தி மூணு மில்லிமீட்டர்.”

புனிதனின் முப்பத்தொரு வருட வேலையில் எதுவும் அரை மில்லிமீட்டருக்கு மேல் தவறியதில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பென் டிரைவைக் கோலாலம்பூருக்கு அனுப்பி அங்கே இருந்த கணினியில் செருகியிருக்கிறார்கள். யாரும் திறந்து பார்க்காமலே அது படத்தில் இருந்த எண்களை மையப் பதிவேட்டில் தானாகவே ஏற்றிவிட்டது. அதில் எழுதியிருந்தது: ‘குளியலறை: நீளம் 6.00 மி.மீ., அகலம் 5.00 மி.மீ. அங்கீகரிக்கப்பட்டது.’

இந்தத் தோட்டத்தில் எண்ணுக்குப் பின்னால் யாரும் எதுவும் சொல்வதில்லை. வீடு இருபதுக்குப் பன்னிரண்டு, படி பதினொன்று, தேயிலை வரிசைக்கு இடையே நாலு. வெள்ளைக்காரன் அடிக்கோலால் அளந்து வைத்த இடத்தில் பிறந்தவர்களுக்கு வேறு அளவு இருப்பதே நினைவுக்கு வராது. பவளம் இருபது என்று தட்டினாள். கணினி மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. திரையில் வீடு வீடாகத்தான் தெரிந்தது.

“அடி தம்பி. ஆறடி. இத யாரு பாத்தாலும் தெரியாதா?” என்றார் புனிதன். “ஆறு மில்லிமீட்டர்ல எறும்பு குளிக்குமா?”

“எனக்குத் தெரியுது அங்கிள்.” தினேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். “ஆனா எனக்குத் தெரிஞ்சத எழுதற கட்டம் இதுல இல்ல. படத்தோட பொருந்துதா, இல்லையா. ரெண்டுதான் இருக்கு.” இல்லை என்பதில் குறியிட்டார். பிறகு கதவின் குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டினார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, பையிலிருந்து சிவப்பு மை எடுத்து, சுவரின் அடியில் ஒரு சிறு புள்ளி வைத்தார். “இந்த இடம் அனுமதி பெற்றது. இத மட்டும் நீங்க பயன்படுத்தலாம். சேதப்படுத்தக் கூடாது.”

அன்று மாலை பவளம் மடிக்கணினியைத் திறந்து, மில்லிமீட்டரை அடியாக மாற்றினாள். மூன்று சொடுக்கு. நாலு விநாடி. திருத்திய படத்தைப் புனிதன் மறுநாளே கொடுத்தார். பதில் வர மூன்று மாதம் ஆயிற்று.

பதிலைக் கிராணி படித்துக் காட்டினார். தங்கள் வீடு பதிவேட்டின்படி இருபது மில்லிமீட்டர் நீளமும் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. தாங்கள் தற்போது கோருவது ஏறத்தாழ முந்நூற்று ஐந்து மடங்கு விரிவாக்கம். மலைச்சரிவில் இத்தகைய விரிவாக்கம் சுற்றுச்சூழலுக்கு உகந்ததல்ல. விதிப்படி ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து விழுக்காடு வரை மட்டுமே விரிவாக்கம் அனுமதிக்கப்படும். தங்கள் வீட்டைச் சுற்றிப் பதிவேட்டில் வெற்றிடமாக உள்ள நிலத்தில் சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுக்கும் மேடை அமையவிருப்பதால், ஒத்துழைப்பு நல்கக் கேட்டுக்கொள்கிறோம். அன்புடன், மார்க்.

“மேடை எங்கங்க ஐயா வருது?”

கிராணி வரைபடத்தைப் பார்த்தார். “உங்க அடுப்படியில.”

“அவங்க வந்து பாத்தா...”

“வந்து பாக்க மாட்டாங்க புனிதா. பதிவேடு இருக்கும்போது எதுக்கு வந்து பாக்கணும்?”

வீட்டுக்கு வந்து புனிதன் விஷயத்தைச் சொன்னார். பவளம் ஒரு தாளை எடுத்துப் பத்து விழுக்காடு, பத்து விழுக்காடாகக் கூட்டிக்கொண்டே போனாள். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது.

“அறுபது விண்ணப்பம் போடணும்,” என்றாள். “அறுபதாவதுல ஆறடி வந்துரும். மூணு மாசத்துக்கு ஒண்ணு. பதினஞ்சு வருசம்.”

“அப்ப உனக்கு அறுபத்தாறு.”

“உங்களுக்கு அறுபத்தொம்பது.” அவள் தாளை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “ஏங்க, உங்களுக்கு எப்ப ரிட்டயரு?”

அவர் விரல்விட்டு எண்ணினார். அறுபதில் ஓய்வு. ஓய்வு பெற்ற மாதமே லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். இன்னும் ஆறு வருடம். ஆறு வருடத்துக்கு இருபத்து நாலு விண்ணப்பம். பவளம் தாளில் இருபத்து நாலாவது வரியில் விரலை வைத்தாள்.

“அம்பத்தொம்பதுக்கு நாப்பத்தொம்பது. மில்லிமீட்டரு,” என்றாள். கையை விரித்து, விரலிடுக்கில் அளந்து பார்த்தாள். “சோப்பு வைக்கலாங்க.”

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது பவளம்தான். எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச்சட்டத்தைத் தள்ளியபடி பின் தாழ்வாரத்துக்குப் போனாள். மஞ்சள் நாடாவை ஒரு பக்கம் மட்டும் பிரித்துக் கதவில் தொங்கவிட்டாள்.

“பவளம், மேல எழுதிக் குடுத்துருவாங்க.”

“எழுதட்டும். நான் இனிமே அந்தப் படியில இறங்கப்போறதில்ல.” அடுப்பிலிருந்த சுடுதண்ணீரைப் புனிதன் உள்ளே கொண்டுபோய் வைத்ததும் கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக, வாளியில் ஆறாத தண்ணீர்.

முத்திரையிட்ட அறைகளைத் தினமும் பார்த்து ஏட்டில் எழுதுவது ஜாகா கருப்பையாவின் புதிய வேலை. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தபோது தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. புனிதன் கதவுக்கு முன்னால் நின்றார்.

“மச்சான், நான் எழுதணும்,” என்றார் கருப்பையா. “உள்ள ஆள் இருக்கா, இல்லையா?”

“ஆறுக்கு அஞ்சு மில்லிமீட்டர் ரூம்புல எப்படிய்யா ஆள் இருக்க முடியும்?”

உள்ளேயிருந்து பவளம், “அண்ணே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, வந்துட்டேன்,” என்று குரல் கொடுத்தாள்.

கருப்பையா அந்தக் குரலைக் கேட்டார். கதவைப் பார்த்தார். பிறகு ஏட்டைத் திறந்து, ‘உள்ளே ஆள் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேநீரையும் குடித்துவிட்டுப் போனார். ஒரு மாதம் தினமும் அப்படியே எழுதினார்.

அந்த ஒரு மாத ஏட்டையும் பிரிவு கவனமாகப் படித்தது. முப்பது நாளாக ஆளே இல்லாத ஓர் அறைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருப்பது வீண் என்று கண்டது. ‘பயன்பாட்டில் இல்லாத அறைக்குச் செல்லும் குழாயைத் துண்டிக்கவும். துண்டித்த குழாயின் புகைப்படத்தை இணைக்கவும்’ என்று பணி ஆணை பிறந்தது. தோட்டத்தில் குழாய் வேலைக்கு இருப்பது ஒரே ஃபிட்டர். ஆணை அவர் பெயருக்கு வந்தது.

புனிதன் ஆணையை இரண்டு முறை படித்தார். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆலையின் பின்பக்கம் போனார். பழைய இரும்புக் குவியலில், துருவேறி முறிந்து கிடந்த ஒரு குழாய்த் துண்டைப் பார்த்து, குனிந்து, வெளிச்சம் விழும்படி நிறுத்திப் படம் எடுத்தார். படிவத்தில் ‘வேலை முடிந்தது’ என்ற கட்டத்தில் குறியிட்டார். கீழே கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தொரு வருடத்தில் நிர்வாகத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த முதல் பொய் அது. அதற்கு மட்டும் ஒப்புதல் அன்றைக்கே வந்துவிட்டது.